சீலியாக் இருக்குற வீட்டுக்கு வீட்டு மாவு மில் தேவையா? பாளையங்கோட்டைல இருந்து ஒரு ரிவ்யூ

மொதல்லயே முடிவ சொல்லிடுதேன். வீட்ல யாருக்காவது சீலியாக் (கோதுமை மாதிரி தானியத்தால சிறுகுடல் கெடுற நோய்) இருக்கு, நீங்க இடியாப்பம் புட்டு கொழுக்கட்டைன்னு அரிசிமாவு பலகாரம் சாப்பிட்டு வளந்த ஆளுங்கன்னா இந்த மெஷின தைரியமா வாங்கலாம், காசு வீண் போகாது. சீலியாக் இல்லாத வீட்டுக்கு நான் சிபாரிசு பண்ண மாட்டேன், ஏன்னா தெருமுக்கு மில்லுல அரைச்சா மாவு இதவிட மிருதுவா வரும், செலவும் கம்மி.

கம்பெனி பேரு போடல. நான் சொல்லுதது 1 எச்பி மோட்டார், சிங்கிள் பேஸ், பெட்டி மாதிரி மரக்கேபினட்டுக்குள்ள வர்ற அந்த மாடல பத்தி, எந்த கம்பெனி எடுத்தாலும் உள்ள டிசைன் ஏறக்குறைய ஒண்ணுதான்.

எங்க அத்தைக்குத்தான் சீலியாக், என் வீட்டுக்காரரோட அம்மா. ரொம்ப வருசமா ரத்தம் பத்தாமையே இருந்தாவ, இரும்புச்சத்து மாத்திரை, ஊசி, பேரீச்சம்பழம், முருங்கைக்கீரைன்னு என்ன குடுத்தாலும் ஹீமோகுளோபின் ஏறவே ஏறாது, வயிறு உப்பிக்கிட்டே இருக்கும், ஆள் மெலிஞ்சுக்கிட்டே போனாவ. இதுல சுகரும் வந்துட்டதால சோத்த குறைங்கன்னு சொல்லி காலைல கோதுமை ரவை உப்புமா ராத்திரி சப்பாத்தின்னு மாத்தி விட்டாவ, அதுக்கப்புறம் இன்னும் மோசம். எல்லாரும் வயசாகுதுன்னாவ, அம்பது தாண்டுனா அப்படித்தான்னாவ. கடைசில ஒரு கேஸ்ட்ரோ டாக்டர்தான் டிடிஜி ஐஜிஏன்னு ஒரு ரத்த டெஸ்ட் (சீலியாக் இருந்தா ரத்தத்துல கூடுற எதிர்ப்பொருள அளக்குறது) எடுக்கச் சொல்லி, அது கூடுதலா வந்ததும் எண்டோஸ்கோப்பி பண்ணி சிறுகுடல்ல இருந்து சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பி, சீலியாக்குன்னு சொன்னாவ.

விசயம் இதான். கோதுமை, பார்லி, ரை (கோதுமை மாதிரி ஒரு வெளிநாட்டு தானியம்) இந்த மூணு தானியத்துலயும் க்ளூட்டன்னு ஒரு புரதம் இருக்கு. சீலியாக் இருக்குறவங்க அத சாப்பிட்டா அவங்க உடம்போட எதிர்ப்பு சக்தியே சிறுகுடல் உள்சுவர தாக்குது, சத்த உறிஞ்சுத சின்னச்சின்ன விரல் மாதிரி இருக்குறதெல்லாம் தேஞ்சு தட்டையாயிடுது, அப்புறம் நீங்க எவ்வளவு இரும்புச்சத்து குடுத்தாலும் அது உள்ள சேராம போயிடுது. இது அலர்ஜி கிடையாது, மாத்திரை போட்டா சரியாகுறதும் கிடையாது, ஆயுசுக்கும் க்ளூட்டன விடுறதுதான் ஒரே வைத்தியம். சந்தேகம் இருந்தா டெஸ்டுக்கு முன்னாடி கோதுமைய நிப்பாட்டிராதீங்க, நிப்பாட்டிட்டா டெஸ்ட்ல தெரியாம போயிடும், டாக்டர் சொன்னப்புறம் நிப்பாட்டுங்க.

சொந்தக்காரங்கள்ல பாதிப்பேர் அது கோதுமை திங்குற வடநாட்டுக்காரங்களுக்குல்ல வரும், நம்ம பக்கம் ஏதுன்னு கேட்டாவ. அவங்க கேட்டதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு, 2016ல வந்த ஒரு பெரிய ஆய்வுல, ரத்தத்துல சீலியாக்குக்கான எதிர்ப்பொருள் இருந்தவங்க வட இந்தியாவுல 1.23 சதவீதம், தென்னிந்தியாவுல 0.10 சதவீதம்னு வந்துச்சு, அங்க ஒரு நாளைக்கு ஆளுக்கு 455 கிராம் கோதுமை சாப்பிடுதாவ, இங்க 25 கிராம்தான். ஆனா 0.10ன்னா ஆயிரம் பேர்ல ஒருத்தர், அத்தனை பேருக்கும் நோய் இருக்கும்னு சொல்ல முடியாது, ஆனாலும் நம்ம ஜில்லாவுல எத்தனை பேர் இருப்பாவ, எத்தனை பேர் ரத்தசோகைன்னு மாத்திரை முழுங்கிக்கிட்டு உக்காந்திருக்காவளோ. யாரும் தேடிப் பாக்குறதில்ல, அதான் எனக்கு வருத்தம்.

சரி மெஷினுக்கு வாரேன். நோயின்னு தெரிஞ்சதும் எல்லாரும் சொன்னது, அட நமக்கென்ன, அரிசி ஊரு, சப்பாத்தி பரோட்டாவ விட்டா முடிஞ்சுது. அப்படி முடியல. சப்பாத்தி, பரோட்டா, பூரி, சேமியா, கேசரி, பிஸ்கட், பன்னு எல்லாம் கண்ணுக்குத் தெரியுத கோதுமை, அத விடுறது கஷ்டமே இல்ல. கண்ணுக்குத் தெரியாததுதான் படுத்துது. கூட்டுப் பெருங்காயம் எடுத்துக்கோங்க, அதுல மாவு கலந்திருக்கும், நெறைய கம்பெனி கோதுமை மாவுதான் சேக்குறாவ, அப்போ சாம்பார், ரசம், ஊறுகா, கடை சாம்பார்பொடி அத்தனையும் போச்சு. ஹோட்டல்ல ரவா தோசைல மைதா. நாங்க பாத்த ராகி சேமியா பாக்கெட்ல மைதா. ஹார்லிக்ஸ்ல கோதுமையும் பார்லியும். பூரி பொரிச்ச எண்ணெயிலயே அப்பளம் பொரிக்கிறது. இதெல்லாம் பாக்கெட்ட திருப்பிப் படிச்சு, கேட்டுக் கேட்டு ஒதுக்கிரலாம், எதுல கோதுமை மாதிரி க்ளூட்டன் தானியம் இருக்குன்னு பாக்கெட்ல தனியா போடணும்னு எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) சட்டமே இருக்கு.

மாவு மில்ல எப்படி ஒதுக்குவீங்க?

நம்ம ஊர்ல நெறைய மில்லுல கோதுமையும் அரிசியும் ஒரே மெஷின்லதான் ஓடும். அரைக்குறவரு கோதுமை முடிஞ்சதும் கைப்பிடி அரிசிய ஓட்டி விட்டுட்டு அடுத்தாளுக்கு அரைப்பாரு, சாதாரண ஆளுக்கு அது போதும். சீலியாக்குக்கு அந்த கணக்கு வேற. க்ளூட்டன் ஃப்ரீன்னு போடணும்னா கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல க்ளூட்டன் இருக்கக்கூடாதுங்கிறது எஃப்எஸ்எஸ்ஏஐ அளவு. கோதுமை மாவுல பத்துல ஒரு பங்கு க்ளூட்டன்னு வச்சுக்கிட்டாக்கூட, ஒரு கிலோ அரிசிமாவுல கால் கிராம் கோதுமை மாவு கலந்தாலே அந்த எல்லை தாண்டிருது. கால் கிராம்னா ரெண்டு விரல்ல கிள்ளுத அளவு. மில்லுல மாவு விழுகுத இடத்துல ஒரு துணிக்குழாய் கட்டியிருப்பாவல்ல, அத ஒரு தட்டு தட்டுனா அதுக்கு எத்தனையோ மடங்கு கொட்டும்.

எங்க தெரு மில் அண்ணாச்சி தங்கமான மனுசன். விசயத்த சொன்னதும் "அம்மா நீங்க காலைல மொத ஆளா வந்துருங்க, ராத்திரியே மெஷின தொடச்சு வச்சுருதேன், உங்களுக்கு அரைச்சுட்டுத்தான் அடுத்த ஆளு"ன்னு சொல்லி, சொன்ன மாதிரியே செஞ்சும் குடுத்தாரு. ஆனாலும் அத்தைக்கு டிடிஜி இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கல. டாக்டர் சாப்பாட்ட ஒண்ணொண்ணா கேட்டுக்கிட்டே வந்து, மாவு எங்க அரைக்கிறீங்கன்னு கேட்டாரு. கேட்டதும் எங்களுக்குப் புரிஞ்சு போச்சு. அண்ணாச்சி மேல குத்தமே இல்ல, அந்த மில்லோட சுவரு, உத்தரம், தராசு, எல்லாத்துலயும் கோதுமை மாவு படிஞ்சு கெடக்கு, எவ்வளவு தொடச்சாலும் எங்க போகும்.

க்ளூட்டன் ஃப்ரீ மாவு பாக்கெட் ஆன்லைன்ல கிடைக்குது, வாங்கியும் பாத்தோம். வெல கூடுதல், அதுகூட பரவால்ல, அது பாதிக்கு மேல சப்பாத்தி மாதிரி ரொட்டி பண்ணுததுக்கான கலவை. அத்தைக்கு சப்பாத்தி வேண்டாம், அவியளுக்கு இடியாப்பமும் சொதியும் வேணும். அதான் மெஷின்.

வெல மாடலுக்குத் தக்க 15,000ல இருந்து 25,000 வரைக்கும் இருக்கு. சின்ன பிரிட்ஜ் உயரம் இருக்கும், அடில சக்கரம் உண்டு. மேல தானியத்த கொட்டுத தொட்டி, உள்ள ஸ்டீல் அறைல பிளேடு சுத்துது, அத சுத்தி அரைவட்டமா ஒரு சல்லடை மாட்டியிருக்கும், சல்லடை ஓட்டைக்குத் தக்க மாவு நைசாவோ குருணையாவோ கீழ இருக்குற டப்பாவுல விழுகும். கல்லு கிடையாது. கதவ தொறந்தா தானா நின்னுடும். 1 எச்பின்னா 746 வாட், ஒரு மணி நேரம் ஓட்டுனா முக்கால் யூனிட் கரண்டுதான், நாங்க ஒரு தடவைக்கு அவ்வளவு நேரம் ஓட்டுறதும் இல்ல. ஆனா ஏசி, மோட்டாரு, இது மூணும் ஒண்ணா ஓடுனா எங்க வீட்ல வோல்டேஜ் இறங்குது, அதனால தண்ணி மோட்டாரு ஓடுத நேரத்துல போடுறதில்ல.

வாங்கும்போது ஒண்ணு கட்டாயம் கவனிங்க, இது வேற எந்த ரிவ்யூலயும் நான் பாக்கல. டெலிவரிக்கு வர்ற ஆளு டெமோ காட்டுறேன்னு கோதுமையோட வருவாவ. எங்க வீட்டுக்கும் ரெண்டு கிலோ கோதுமைய பையில தூக்கிக்கிட்டு வந்துட்டாரு, நான் வாசல்லயே நிப்பாட்டி, இங்க ஏன் இந்த மெஷின் வாங்குதோம்னு அவருக்கு எடுத்துச் சொல்லி, அரிசில டெமோ காட்டச் சொன்னேன். ஆர்டர் பண்ணும்போதே அந்த கடைல சொல்லியிருந்தோம், அவங்க அந்த பையன்கிட்ட சொல்லவே இல்ல, அதுல எனக்கு கோவம்தான். கம்பெனிலயும் டெஸ்டுக்கு கோதுமைய ஓட்டிப் பாத்திருக்க வாய்ப்பு இருக்கு, அதனால சல்லடை, டப்பா, துணி எல்லாத்தையும் கழட்டி கழுவி வெயில்ல காயவச்சு, உள்ளறைய பிரஷ்ஷும் வாக்குவம் கிளீனரும் வச்சு சுத்தம் பண்ணி, அப்புறம் ரேஷன் பச்சரிசி சில கிலோ ஓட்டி எடுத்தோம். அந்த மாவ அத்தை தட்டுக்கு கொண்டு போகல, இன்னும் வாசல்ல கோலம் போட்டுக்கிட்டு இருக்கேன். செகண்ட் ஹேண்ட் மெஷின் எவ்வளவு சீப்பா கிடைச்சாலும் சீலியாக் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

இப்போ மாவு எப்படி வருதுன்னு சொல்லுதேன்.

கேப்பை பிரமாதம். சின்ன மணி, சரசரன்னு ஓடுது, நைசா வருது, களியும் கூழும் ஒரு குறையும் இல்ல. கம்பு நல்லா அரையும், ஆனா கம்பு மாவு சீக்கிரம் கசந்து போகும், அதனால ஒரு வாரத்துக்கு ஆகுற அளவுக்கு மட்டும் அரைங்க, அந்த வசதியே வீட்டு மெஷின்ல பெரிய லாபம். உளுந்தங்களிக்கு கருப்பு உளுந்தையும் பச்சரிசியையும் வறுத்து ஆறவச்சு அரைச்சா அந்த வாசம் வீடு பூரா நிக்குது, கருப்பட்டிப் பாகும் நல்லெண்ணெயும் ஊத்தி கிண்டுனா அத்தை எனக்கு வேற எதுவும் வேண்டாம்னுட்டாவ, ஆனா சுகர் இருக்குறதால கருப்பட்டிய அளந்துதான் விடுதேன், க்ளூட்டன் இல்லங்கிறதுக்காக இனிப்பு ஆகும்னு அர்த்தம் இல்ல. புட்டுக்கு ஒரு நம்பர் பெரிய சல்லடை போட்டா சரியா வருது.

இடியாப்பம்தான் பிரச்சினை. நம்ம முறைல பச்சரிசிய ஊறவச்சு, வடிச்சு, நிழல்ல துணில பரப்பி, கைல ஈரம் தெரியுத பதத்துலயே மில்லுக்கு கொண்டு போவோம்ல, அந்த ஈர அரிசிய இந்த மெஷின் தாங்காது, சல்லடை ஓட்டையெல்லாம் அப்பி மோட்டார் உறுமும். நல்லா காஞ்சிருக்கணும், பல்லுல கடிச்சா டக்குன்னு ஒடையணும். அப்படி காயவச்சு, நைஸ் சல்லடைல அரைச்சு, ஒரு தடவை சலிச்சு, வாசம் வர்ற வரைக்கும் வறுத்து, கொதிக்கிற வென்னி ஊத்தி பிசைஞ்சா இடியாப்பம் வருது. நல்லாவே வருது, ஆனா அண்ணாச்சி மில்லுல ஈரப்பதமா அரைச்ச மாவோட அந்த பஞ்சு மாதிரி மிருது இல்ல, கொஞ்சம் விறைப்பு. சூடா சொதி ஊத்தி ஊறவிட்டா தெரியாது, ஆறிப்போனா தெரியும். அத்தை சாப்பிட்டுட்டு "ஏ பிள்ள, இத தின்னா வயித்துக்குள்ள ஒண்ணும் பண்ணலல்ல, அது போதும்"னாவ. கொழுக்கட்டைக்கும் இதே மாவுதான், கார்த்திகைக்கு ஓலைக்கொழுக்கட்டை பண்ணுனோம், அதுல வித்தியாசமே தெரியல.

முந்திரிக்கொத்தும் பண்ணியாச்சு. கடைல வாங்குத முந்திரிக்கொத்துல மேல்மாவு மைதாவா இருக்க வாய்ப்பு உண்டு, கேக்காம வாங்காதீங்க. வீட்ல பாசிப்பயறு வறுத்து இந்த மெஷின்லயே குருணையா ஒடச்சு, பாகு ஊத்தி உருண்டை புடிச்சு, மேல்மாவுக்கு பச்சரிசி மாவு. கடலைமாவுக்கு கடலைப்பருப்ப வெயில்ல நல்லா காயவச்சு நடு சல்லடைல போடணும், நைஸ் சல்லடை போட்டா அடைச்சுக்கும். மஞ்சள், மிளகாவத்தல் இதுல போடாதீங்க, அந்த வாசம் ஜென்மத்துக்கும் போகாது, எங்க வீட்ல அதுக்கு மிக்ஸிதான். எள்ளு, நிலக்கடலை மாதிரி எண்ணெய் வித்து போடவே கூடாதுன்னு கம்பெனிக்காரங்களே சொல்லுதாவ.

தானியத்துலயும் கவனம் வேணும், மெஷின் மட்டும் சுத்தமா இருந்து பிரயோஜனம் இல்ல. பலசரக்கு கடைல கோதுமை அள்ளுன அதே படிய கேப்பைக்குள்ள விடுவாவ. நான் சிப்பமா வாங்கி, சொளவுல புடைச்சு, கோதுமை மணி கெடக்கான்னு தட்டுல பரப்பி பாத்து, ரெண்டு தண்ணி கழுவி மாடில காயவச்சுத்தான் அரைக்கிறேன். வேலை அதிகம், பொய் சொல்ல மாட்டேன். இட்லிக்கு இந்த தொல்லை இல்ல, அம்பை 16 இட்லி அரிசியும் உளுந்தும் கழுவி கிரைண்டர்ல போட்டா போதும், அத்தைக்கு இட்லிதான் தினப்படி துணை.

அல்வாவ பத்தி கேப்பீங்க, திருநெல்வேலிக்காரங்க கேக்காம இருப்பீங்களா. அத்தை டவுன்ல பொறந்து வளந்தவிய, நெல்லையப்பர் கோயில் தேரோடுத ரதவீதிதான் அவிய தெரு, சாயங்காலமானா அல்வா வாசம் வீட்டுக்குள்ள வரும்னு சொல்லுவாவ. சம்பா கோதுமைய ஊறவச்சு ஆட்டி பால் எடுத்துத்தான் அல்வா, பால்தான எடுக்குறாவ அதுல என்ன இருக்கப் போகுதுன்னு சிலபேர் சொல்லுதாவ, அது தப்பு, அந்த பாலுலயும் க்ளூட்டன் இருக்கத்தான் செய்யும், ஒரு துண்டு கூட கூடாது. முதலூர் மஸ்கோத் அல்வா தேங்காப்பால் அல்வாதானன்னு வாங்கிக் குடுத்துராதீங்க, அதுல மைதாப்பால் இருக்கு. வெளில வாங்குற இனிப்புல கோவில்பட்டி கடலைமிட்டாய், வெறும் பாலும் சீனியும் மட்டும் போட்ட பால்கோவா, இதுக்கு பயமில்ல, எல்லாம் கைநுனி அளவுதான். தூத்துக்குடி மக்ரூன்ல முந்திரி, முட்டை வெள்ளைக்கரு, சீனி மட்டும்தான், மாவே கிடையாது, ஆனா அது வேகுறது மைதா பறக்குத பேக்கரிக்குள்ள, அதனால எங்க பண்ணுதாவன்னு விசாரிக்காம அத்தைக்கு குடுக்குறதில்ல.

மெஷினோட குறைய சொல்லாம விட்டா ரிவ்யூ ஆகாது. சத்தம் ஜாஸ்தி, பக்கத்து வீட்ல பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தா பகல்ல மட்டும் ஓட்டுங்க. டப்பாவுக்கு மேல துணி மூடி இருந்தாலும் கதவு இடுக்கு வழியா கொஞ்சம் மாவு பறக்குது, ஓட்டி முடிச்சதும் தரைய தொடைக்கணும். மாவு சூடா வருது, ஆறவிடாம டின்ல மூடுனா வேர்த்து கட்டியாயிடும். சல்லடைய கழட்டி மாட்டுறது கையில சதை கிள்ளுத மாதிரி டைட்டா இருக்கு, வயசானவங்களுக்கு கஷ்டம், எங்க வீட்ல இவியதான், அதான் என் வீட்டுக்காரரு, மாட்டித் தருவாவ. சர்வீஸுக்கு ஆளு மதுரைல இருந்துதான் வரணும், ஒரு தடவை சுவிட்சு போனதுக்கு நல்லா காக்க வச்சுட்டாவ, அந்த நேரம் கையிருப்பு மாவுலதான் ஓட்டுனோம்.

ஒரு விசயம் மெஷினால மட்டும் நடக்காது. வீட்டுக்குள்ள கோதுமை மாவு பாக்கெட் இருந்தா அதோட தூசி எங்கயும் போகும். நாங்க கோதுமைய வீட்ட விட்டே எடுத்துட்டோம், பெருங்காயம் கட்டிப் பெருங்காயமா மாவு சேக்காததா பாத்து வாங்குதோம், பரோட்டா வேணும்னா இவியளும் பையனும் வெளில போய் தின்னுட்டு கைய கழுவிட்டு வாராவ. பழைய தோசைக்கல்லு, மர அகப்பை, சலிக்கிற சல்லடை எல்லாத்தையும் மாத்தினோம்.

பலன் என்னன்னா, அத்தையோட டிடிஜி இறங்கிருச்சு, ஹீமோகுளோபின் ஏறியிருக்கு, டாக்டர் இரும்பு மாத்திரைய குறைச்சிருக்காரு. அது மில்லால மட்டுமா பெருங்காயத்த மாத்துனதாலயுமான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது, ரெண்டையும் ஒண்ணாத்தான் செஞ்சோம்.

மார்க் போடணும்னா சீலியாக் வீட்டுக்கு அஞ்சுக்கு நாலு, ஈர அரிசிக்கும் சர்வீஸுக்கும் சேத்து ஒண்ணு கொறச்சிருக்கேன். வாங்குறவங்க நைஸ் சல்லடையும் புட்டு சல்லடையும் ஒண்ணுக்கு ரெண்டா மெஷினோடயே கேட்டு வாங்கிருங்க, அந்த ரெண்டுதான் நம்ம வீடுகள்ல சீக்கிரம் தேயும், தனியா வாங்கணும்னா அதுக்கும் மதுரைக்குத்தான் போன் அடிக்கணும்.